கருவாட்டு வேனும் மூன்று பஸ்களும்

கடலோர இல்லத்தில் என்னோடு வளர்ந்தவர்களே, சென்ற மாதம் நாம் கும்பகோணத்தில் கூடியபோது ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒருத்திக்கு விடியற்கால மணிச் சத்தம் ஞாபகம் இருந்தது. இன்னொருத்திக்குக் கேழ்வரகுக் கஞ்சியில் மிதந்த வண்டு. முடி முழுக்க நரைத்த பிறகும் அந்த வண்டுக்காக நாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். "நீ ஒரு வருஷந்தானே இருந்த, ஒனக்கு என்ன தெரியும்" என்று என்னிடம் ஒருத்தி கேட்டாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் என்னைக் 'கருவாடு' என்று கூப்பிட்டீர்களே, அந்தப் பெயர் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கினால் சரியாக இருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் ஊர் வலங்கைமானுக்குத் தெற்கே, பெரிய ரோட்டிலிருந்து இரண்டு மைல் உள்ளே இருக்கிறது. அம்மா முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அப்பா வயல் வேலைக்காரர், செங்கொடிச் சங்கத்துக்காரர். ஊர்ச் சுவர்களிலெல்லாம் கறுப்பும் சிவப்புமாக எழுதியிருந்த காலம் அது. உழுகிறவனுக்கு அந்தச் சட்டம் வந்திருக்கிறது, இந்தச் சட்டம் வந்திருக்கிறது என்று டீக்கடையில் பேப்பர் படிப்பார்கள். எங்கள் தெருவுக்குள் வந்தது போலீஸ் வேன்தான். அறுப்புக் கூலியில் கொஞ்சம் நெல் கூட்டிக் கேட்டதற்கு மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார். வரப்பில் அடிதடியானது. வழக்கில் அப்பாவின் பெயரையும் சேர்த்தார்கள். அவரைத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனபோது நான் குளத்தில் ஆம்பல் பறித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் உலை கொதித்துக்கொண்டிருக்கிறது, ஆள் இல்லை.

பக்கத்துக் குடிசையில் இருந்தவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. புருஷன் இல்லாதவள், பிள்ளையும் இல்லை. நடவுக்குப் போகும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. நாக்கு கருக்கரிவாள் மாதிரி. உலையை இறக்கி, சோற்றை வடித்து, என்னைத் தன் குடிசைக்கு இழுத்துப் போனாள். ஆனால் ஆண்களைத் தேடிக்கொண்டு போலீஸ் நினைத்த நேரத்தில் தெருவுக்குள் வந்தது. எங்கள் தெருவில் சின்னப் பள்ளிக்கூடம் நடத்திய சபைப் போதகர், "பொண்ணு இங்க இருக்க வேண்டாம். தரங்கம்பாடியில ஒரு இல்லம் இருக்கு, படிக்கவும் வைப்பாங்க" என்றார். அத்தை ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டுத் தகரப் பெட்டியை எடுத்தாள்.

மேட்ரன் அம்மாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயரம், வெள்ளைப் புடவை, இடுப்பில் சாவிக்கொத்து. பெரிய நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அத்தையிடம் கேட்டார்.

"பிள்ளைக்கு நீங்க என்ன உறவு?"

"அத்தைங்க."

"அப்பாவோட கூடப்பிறந்தவங்களா?"

"ஆமாங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அத்தையின் கை என் தோளை ஒரு அழுத்து அழுத்தியது. ரத்த உறவுக்காரர்கள் மட்டுமே பிள்ளையை மாதம் ஒருமுறை அழைத்துப்போகலாம் என்பது விதி என்று போதகர் வழியிலேயே சொல்லியிருந்தார்.

ஆனால் அழைத்துப்போவது எப்படி? எங்கள் ஊருக்கும் கடலுக்கும் நடுவே மூன்று பஸ். அத்தைக்குப் போர்டு படிக்கத் தெரியாது. என்னை விட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிய அன்று மாயவரத்தில் தப்பான பஸ்ஸில் ஏறிச் சீர்காழியில் போய் இறங்கியிருக்கிறாள். ஊர் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

அப்போதுதான் அவள் கருவாட்டு வியாபாரி பாயைப் பிடித்தாள். பாய் தரங்கம்பாடிக்காரர். சனிக்கிழமை வலங்கைமானிலும் ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியிலும் வேனில் கருவாடு கொண்டுவந்து விற்பார். பிற்பாடு அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒங்க அத்தை கருவாடு வாங்க வரல. வேனைச் சுத்திச் சுத்திப் பாத்துச்சு. என்னம்மா வேணும்னேன். 'இதுல ஒரு புள்ள ஒக்கார எடம் இருக்குமா பாய்'னுச்சு."

பாய் இல்லத்துக்கு வந்து கேட்டபோது மேட்ரன் அம்மா மறுத்துவிட்டார். "ஆம்பளை தனியா ஓட்டுற வண்டியில பெண் பிள்ளையை அனுப்ப மாட்டேன்." அது சரியான பேச்சு, இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்வேன். மறுநாள் பாய் தன் மனைவியைக் கூட்டிவந்தார். வெள்ளைத் துப்பட்டிக்குள் வட்டமான முகம். "எங்க அக்கா மன்னார்குடியில இருக்காங்கம்மா. மாசாமாசம் பாக்கப் போறதுதான். புள்ளைய நான் மடியில வச்சிக்கிட்டுப் போயிட்டு வர்றேன்" என்றார். மேட்ரன் அம்மா கையெழுத்துப் போட்டார்.

இப்படித்தான் மாதத்தின் முதல் சனிக்கிழமை எனக்கு என்று ஒரு வேன் வந்தது.

அந்த முன்சீட்டில் கிழிசலுக்குள்ளிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பாயம்மா அதன்மேல் சாக்கை மடித்துப் போடுவார். எஞ்சின் சூடு காலைச் சுடும். பின்னால் நெத்திலியும் வாளையும் சுறாவும் கூடை கூடையாக. பத்து நிமிஷத்தில் அந்த வாடை மூக்குக்குப் பழகிவிடும், அப்புறம் அது வாடையே இல்லை. பாயம்மா தூக்குவாளியில் இடியாப்பம் கொண்டுவந்து தேங்காய்ப்பால் ஊற்றித் தருவார். மாயவரம் தாண்டினால் வயல், அதற்குப் பிறகும் வயல். நடவு முடிந்த நிலத்தில் வானம் கிடக்கும். கும்பகோணம் வந்தால் நான் எழுந்து நின்றுவிடுவேன். "இன்னும் இருக்குடி, ஒக்காரு" என்பார் பாயம்மா.

எங்கள் ஊருக்குப் பிரியும் முனையில் அத்தை நிற்பாள். கட்டியணைக்க மாட்டாள். கன்றுக்குட்டி வாங்க வந்தவள்போல என்னைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். காதை இழுத்து உள்ளே பார்ப்பாள்.

"சோறு போடுறாங்களா?"

"போடுறாங்க."

"பின்ன ஏன் கழுத்தெலும்பு தெரியுது?"

திட்டிக்கொண்டே முன்னால் நடப்பாள். அவள் களை பறிக்கும்போது நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். திருச்சிக்குப் போய்வந்த சங்கத்து ஆட்கள் சொன்ன சேதியை அவள் குனிந்தபடியே சொல்வாள். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. அப்பா ஜெயிலில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டார். மகள் எத்தனாம் வகுப்பு என்று கேட்டார். அப்பா உயிரோடு இருக்கிறார் என்பது எனக்கு அந்த ஒரு வாய் வழியாகத்தான் தெரியும்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்து வேனை விட்டு இறங்கினால் புதன்கிழமை வரை சாப்பாடு இறங்காது. முப்பத்தேழு என்று நூலால் தைத்த என் போர்வையை இரண்டு இரவு நனைத்துவிடுவேன், நீங்கள் சிரிப்பீர்கள். வேனில் போட்டுப்போன பாவாடையைத் துவைக்கவிடாமல் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொள்வேன். கருவாட்டு வாடை இருக்கிறவரை ஊர் பக்கத்தில் இருந்தது. உங்களுக்கு மூக்கைப் பிடிக்கத்தான் தெரிந்தது. உங்களைக் குறை சொல்லவில்லை. உங்களில் பாதிப் பேருக்குப் போக ஒரு இடம்கூட இல்லை.

மேட்ரன் அம்மா இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். "ஆறுற புண்ணை மாசாமாசம் கிள்ளிப் பாத்தா எப்படி ஆறும்?" என்று டீச்சரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. பிள்ளை அழக்கூடாது என்றுதான் நினைத்தார். பிள்ளை அழாமல் இருப்பது இன்னும் மோசமாக இருக்கலாம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கார்த்திகை மழையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மேட்ரன் அம்மா தன் கையால் கஷாயம் கொடுத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டார். அன்று அவர் சாவிக்கொத்தைக் கழற்றி வைத்திருந்தார். பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டார்.

"உங்க அத்தை அப்பாவைவிட மூத்தவங்களா, இளையவங்களா?"

பொய் சொல்லக்கூடாது என்று அந்த ஞாயிறு வகுப்பில்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் கை நெற்றியில் அவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது. நான் சொன்னேன்: "அத்தை அப்பாவுக்குச் சொந்தமில்லைங்கம்மா. பக்கத்து வீடு."

ஈரத்துணி என் நெற்றியிலேயே இருந்தது. கை மட்டும் போய்விட்டது.

மார்கழி முதல் சனிக்கிழமை தலைக்குக் குளித்து, ரிப்பன் கட்டி, படியில் உட்கார்ந்திருந்தேன். வேன் வந்தது. மேட்ரன் அம்மா கேட்டுக்குப் போய் ஏதோ சொன்னார். பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மேட்ரன் அம்மாவின் தோளைத் தாண்டி என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பாயம்மா வேனைவிட்டு இறங்கவே இல்லை. வேன் திரும்பிப் போனது. "பொய் சொல்றவங்ககூடப் பிள்ளையை அனுப்ப முடியாது. உன் நல்லதுக்குத்தான்" என்றார் மேட்ரன் அம்மா. நான் அழவில்லை. அந்த வாரம் போர்வையும் நனையவில்லை. புதன்கிழமை மேட்ரன் அம்மா டீச்சரிடம், "பாத்தீங்களா, பிள்ளை தேறிட்டா" என்றார்.

நான் தேறவில்லை. என் வாயால் நானே வழியை அடைத்துவிட்டேன் என்று கல்லாகியிருந்தேன். அப்பாவின் இருமல் திரும்ப வந்திருக்குமா, சொல்ல ஆளில்லை. இங்கே எப்போதும் அலைச் சத்தம். எங்கள் ஊரில் தண்ணீர் சத்தமில்லாமல் வயலுக்குள் போகும். இந்தத் தண்ணீர் எந்த வயலுக்கும் போகாமல் கத்திக்கொண்டே இருந்தது. நீங்கள் கோட்டைப் பக்கம் கிளிஞ்சல் பொறுக்கப் போவீர்கள், நான் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்திருப்பேன். சனிக்கிழமை காலையில் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வேன் மெதுவாகப் போகும், இரண்டு தடவை ஹாரன் அடிக்கும். "எந்தக் கிறுக்கன்டி இது, ஆளே இல்லாத ரோட்ல ஹாரன் அடிக்கிறான்" என்று நீங்கள் கேட்டீர்கள். அது எனக்காக. நான் சொல்லவில்லை.

தை பிறந்து சில நாளில் பாயம்மா தனியாக நடந்து வந்தார். ஆபீஸ் அறைக் கதவுக்குப் பின்னால் நான் நின்றேன்.

"சொல்லிக்காமப் பிரிச்சா, புள்ளைக்கு அவங்க செத்துப்போன கணக்குத்தாம்மா. ஒரே ஒரு தடவை அனுப்புங்க. இதுதான் கடைசின்னு சொல்லிட்டு வந்துடட்டும்."

மேட்ரன் அம்மா நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒரு தடவை. காலையில போய் சாயங்காலத்துக்குள்ள திரும்பணும்" என்றார்.

அந்தச் சனிக்கிழமை வெட்டாற்றுப் பாலத்துக்கு மேல் வேன் போகவில்லை. அக்கரையில் அறுப்புத் தகராறு. பாலத்தில் கயிறு கட்டி போலீஸ் நின்றது. இரண்டு பக்கமும் கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, அறுக்க ஆளில்லை. தூரத்து வரப்பில் செங்கொடி நட்டிருந்தார்கள்.

"கருவாடு சார், சந்தைக்குப் போகணும். புள்ளைய அவங்க அத்தைகிட்டக் காட்டணும்" என்றார் பாய்.

"யாரும் அக்கரைக்குப் போகக்கூடாது. வண்டியத் திருப்பு."

பாய் திருப்பவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, அக்கரையில் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணை நோக்கி வாயைக் குவித்துக் கூவினார். அத்தையின் பேரைச் சொல்லி, "புள்ள வந்திருக்குன்னு சொல்லு தாயே" என்றார். அவள் புல்கட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். நாங்கள் காத்திருந்தோம். வெயில் ஏறியது. கருவாட்டின் மேல் ஈ மொய்த்தது. சந்தை போய்விட்டது என்று தெரிந்தும் பாய் துண்டால் ஈயை விரட்டிக்கொண்டிருந்தார்.

உச்சிவேளைக்குமேல் ஆற்றங்கரையோடு ஒருத்தி ஓடி வந்தாள். கயிற்றருகே வந்து நின்று மூச்சு வாங்கினாள்.

"எங்க போற?" என்று அதட்டினார் ஒரு போலீஸ்காரர்.

"எங்கயும் போகல. இங்கயே நின்னு புள்ளையப் பாத்துட்டுப் போறேன். பாக்கறதுக்குமா சட்டம்?"

அங்கிருந்த வயதான போலீஸ்காரர் மற்றவரிடம் ஏதோ சொன்னார். இருவரும் கைப்பிடிச் சுவரோரம் போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அத்தை கயிற்றைத் தூக்கி நடுப்பாலத்துக்கு வந்தாள். வந்ததும் என் காதை இழுத்துப் பார்த்தாள்.

நான் கேட்டேன்: "அத்த, நீ ஏன் பொய் சொன்ன? மேட்ரன் அம்மா நீ பொய் சொல்லிட்டன்னாங்க."

அவள் கை நின்றது. "பின்ன என்னன்னு சொல்லச் சொல்ற? பக்கத்து வீட்டுக்காரின்னா ஒன்னைப் பாக்க விடுவாங்களா? அவங்க நோட்டுல எனக்கு வேற பேரு இல்ல, தாயி."

அவள் என்னைத் தாயி என்று கூப்பிட்டது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

"நாந்தான் அத்த சொல்லிட்டேன், நீ சொந்தமில்லைன்னு."

"நெசத்தத்தான சொன்ன. அதுக்கு ஏன் மூஞ்சத் தொங்கப் போட்டிருக்க? ஒங்கப்பன் நல்லாருக்கு. கேஸு சீக்கிரம் வருதாம்."

இதுதான் கடைசி என்று நான் சொல்ல வேண்டும். பாயம்மாதான் மெதுவாகச் சொன்னார். அத்தை தண்ணீரைப் பார்த்தாள். "சரி. படிக்கட்டும்" என்றாள். கயிற்றுக்குக் கீழே குனிந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகிலும் கூந்தலிலும் நெல்லுமி ஒட்டியிருந்தது.

சாயங்காலம் பாயம்மா என்னை ஆபீஸ் அறைக்குள்ளேயே கூட்டிப்போனார். பாலத்தில் நடந்ததையும் அத்தை சொன்ன வார்த்தையையும் ஒன்றுவிடாமல் மேட்ரன் அம்மாவிடம் சொன்னார். கடைசியில், "இன்னொண்ணும் சொல்லிடுறேம்மா. எனக்கு மன்னார்குடியில அக்காவே கிடையாது. நான் வந்தாத்தான் புள்ளைய அனுப்புவீங்கன்னு நானும் பொய்தான் சொன்னேன்" என்றார்.

நான் மேட்ரன் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பயந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "நீங்க போங்க, நேரமாச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த மாதமே பாய்க்கு விசா வந்துவிட்டது. வேனை விற்றுவிட்டு துபாய்க்குப் போனார். பாயம்மா நாகூரில் தாய்வீட்டுக்குப் போய்விட்டார். பின்சுவரில் ஹாரன் சத்தமும் நின்றது.

பங்குனியில் ஒரு சனிக்கிழமை விடியற்காலை மேட்ரன் அம்மா என்னை எழுப்பினார். கையில் குடையும் துணிப்பையும். "நல்ல பாவாடையாப் போட்டுக்க" என்றார். எங்கே என்று கேட்கப் பயமாக இருந்தது. பஸ் ஸ்டாண்டில்தான் சொன்னார்: "மாயவரத்துக்கு அப்பால நான் போனதில்லை. எங்க இறங்கணும்னு உனக்குத் தெரியுமில்ல?"

முதல் பஸ் மாயவரம். இரண்டாவது கும்பகோணம். அவர் ஜன்னலோரம் எனக்கு விட்டுவிட்டு, பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வேனில் பேசிப் பழகிய தைரியத்தில் நான் கேட்டேன்: "உங்க ஊரு எதுங்கம்மா?"

"எனக்கு ஊர் இல்லை. நானும் உன்னை மாதிரி இல்லத்துல வளந்தவதான். என்னைப் பாக்க யாரும் வந்ததில்லை." கொஞ்சதூரம் போன பிறகு சொன்னார்: "யாரும் வராததாலதான் நல்லாப் படிச்சேன், நல்லா வந்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

எனக்கு அப்போது அது புரியவில்லை. வயல் பார்த்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் குடிசை வாசலில் மேட்ரன் அம்மாவைப் பார்த்து அத்தை எழுந்து நின்றாள். பிறகு அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏம்மா இப்படி எளச்சிருக்கீங்க? ஒங்களுக்கு ஆக்கிப்போட ஆளில்லையா?"

அத்தை பாயை விரித்து, தட்டைக் கழுவி, சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டாள். அவர் குனிந்த தலை நிமிராமல் இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். "கால் இப்படி வெடிச்சிருக்கே, வேப்பெண்ணெ போடக் கூடாதா?" என்று அத்தை அதட்டியபோது, திட்டு வாங்கிய சின்னப்பெண் மாதிரி காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். திரும்பும்போது அத்தை வேப்பெண்ணெயை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை என்னை அழைத்துப்போனார். மூன்றாம் தடவை நான் வழி சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆவணியில் வழக்குத் தள்ளுபடியாகி அப்பா வந்தார். மெலிந்து, தாடி நரைத்து. நான் அவர் கையை விடவே இல்லை. மேட்ரன் அம்மா பஸ் ஸ்டாண்டு வரை வந்தார். "லீவுக்கு வா" என்றார். "வர்றேம்மா" என்றேன். பஸ் கிளம்பும்போது உங்களுக்குக்கூடக் கைகாட்ட மறந்தேன்.

பொங்கலுக்கு முன்னால் மேட்ரன் அம்மாவின் கார்டு வந்தது. முத்து முத்தான கையெழுத்து. நலம் விசாரித்து இரண்டு வரி. அதற்குக் கீழே மூன்று பஸ்ஸின் நேரமும் எழுதியிருந்தது. 'மாயவரத்தில் நான் வந்து நிற்கிறேன். கடைசி பஸ்ஸில் நீ தனியாக வர வேண்டாம்' என்று முடித்திருந்தார். அறுப்பு முடியட்டும் என்றார் அப்பா. எனக்கும் அந்த கேட்டுக்குள் மறுபடி நுழைய மனமில்லை, நுழைந்தால் விடமாட்டார்கள் என்று ஒரு பயம். மறுவருஷமும் ஒரு கார்டு வந்தது. நேரங்கள் மாறியிருந்தன, திருத்தி எழுதியிருந்தார். அப்புறம் எனக்குப் பதினான்கு வயதாயிற்று, தனியாகவே போயிருக்கலாம். கல்யாணமாகிக் கும்பகோணத்திலேயே இருபது வருஷம் இருந்தேன்.

மேட்ரன் அம்மா எப்போது ஓய்வு பெற்றார், எங்கே இருந்தார், கடைசியில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நீங்கள் சொல்லித்தான் சென்ற மாதம் தெரிந்துகொண்டேன். பக்கத்தில் யாரும் இல்லை என்றீர்கள்.

எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடிக்கும் அதே மூன்று பஸ்தான். ஒருநாளும் நான் ஏறவில்லை.